ஐந்து பேருக்கு ஒரு கப்பல்

உல்லாசக் கப்பல்களை விசாரித்து ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை எழுபது தாண்டியவனுக்கு எதற்கு என்று என் மருமகன் சேகர் கேட்டார். திருச்சியிலிருந்து நான் கோலாலம்பூர் பக்கத்திலுள்ள கிள்ளானுக்கு வந்து இறங்கிய மறுநாள் காலை அது. "மாமா, நீங்க ரெஸ்ட் எடுக்க வந்திருக்கீங்க. கப்பல நான் போன்லயே விசாரிச்சுக்கறேன் லா" என்றார். 'லா' இந்த ஊர்ப் பேச்சுக்கு வால். நல்ல மனிதர். ஆனால் ஒரு காரியத்தைச் செய்ய வேண்டாம் என்று யாராவது என்னிடம் சொல்லிவிட்டால், அதை முடித்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கும். என்னோடு வேலை பார்த்த மூன்று மேலதிகாரிகள் இதைத் தெரிந்துகொண்டு மாற்றல் வாங்கிப் போனார்கள்.

பேரன் தினேஷுக்குப் பத்து வயது. பேத்தி ஷாலினிக்கு ஏழு. ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை வந்துகொண்டிருந்தது. தினேஷின் வகுப்புப் பையன் ஒருவன் கிள்ளான் துறைமுகத்திலிருந்து கப்பலில் மூன்று ராத்திரி போய்விட்டு வந்து, கப்பலுக்குள்ளேயே நீச்சல் குளம் இருக்கிறது என்று சொல்லிவிட்டான். அதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை.

"சுத்தி தண்ணி இருக்கே, அப்புறம் எதுக்கு தாத்தா உள்ளயும் தண்ணி?" என்று கேட்டாள் ஷாலினி. எனக்கும் அது தெரியவில்லை.

"உங்கம்மா ஓகே சொன்னா நாளைக்கே போலாம்" என்றார் சேகர்.

என் மகள் மலர் அடுப்புப் பக்கம் நின்றிருந்தாள். "பினாங்கு போலாம். கேமரன் மலை போலாம். கப்பல் மட்டும் வேணாம்."

"இவளுக்குத் தண்ணின்னா பயம் மாமா. பங்கோர் தீவுக்குப் படகுல போனப்பகூட கண்ண மூடிக்கிட்டேதான் வந்தா."

அவளுக்குத் தண்ணீரைக் கண்டு பயமில்லை என்பது அந்தச் சமையலறையில் எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். வெளியே வந்தது வேறு: "எல்லாக் கப்பலையும் நானே நேர்ல போய் விசாரிக்கிறேன். நல்லதா ஒண்ணு பார்த்து அஞ்சு பேரும் போவோம்."

மலர் என் பக்கம் திரும்பாமல் தோசையைப் புரட்டினாள்.

மீதியைத் தள்ளிப் போடாமல் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில், ஓய்வு பெற்றுத் திருச்சிக்குப் போவதற்கு முன், நான் இதே கிள்ளானில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். மலருக்கு எட்டு வயதாகும்போது அவள் அம்மா இறந்தாள். பத்தே மாதத்தில் நான் கமலாவைக் கல்யாணம் செய்துகொண்டேன். அந்த நாளில் இங்கிருந்து நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் பயணிகள் கப்பல் ஓடியது. யாராவது ஊருக்குப் போகிறார் என்றால் அவர் கையில் எதையும் கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம். கடிதம், கைலி, தைல பாட்டில், பிஸ்கட் டின். சில வீடுகளில் பிள்ளைகளையும்.

கேரி தீவுத் தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு கணவன் மனைவி ஒரேயடியாக ஊர் திரும்பினார்கள். அவர்களிடம் மலரை ஒப்படைத்தேன். நாகப்பட்டினத்துக்கு என் அக்கா வந்து அழைத்துப் போவாள் என்று ஏற்பாடு. மலரிடம் மட்டும் நானும் கூட வருவதாகச் சொல்லியிருந்தேன். வழியனுப்ப வந்தவர்கள் மணி அடிக்கும்வரை கப்பலுக்குள் இருக்கலாம். மணி அடித்தது. பெட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவளிடம் சொல்லிப் படியில் இறங்கிக் கூட்டத்துக்குள் போய்விட்டேன். இரண்டு நாள் அந்தக் குழந்தை கப்பல் முழுக்க என்னைத் தேடியதாக அந்த மனிதர் பிறகு எழுதினார். கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். அங்கேயே கிழித்தும் போட்டேன்.

படிப்புக்காக அனுப்பினேன் என்று நான் சொல்லிக்கொண்டேன். சித்தி விரட்டிவிட்டாள் என்று ஊர் சொல்லிக்கொண்டது. இரண்டும் பொய். அன்று நான் தனியாக வீடு திரும்பியபோது கமலா கேட்ட முதல் கேள்வி "பிள்ளை எங்க?" என்பதுதான். அதுவரை மலர் தன் அம்மாவின் முகத்தோடு எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்துக்கு முன்னால் என்னால் சந்தோஷமாக இருக்க முடியவில்லை. அனுப்பினால் எனக்கு வசதி. இதைத் தவிர வேறு காரணம் கிடையாது. கொடுமைக்கார சித்தி என்ற பெயரை கமலா சாகும்வரை சுமந்தாள். நான் மறுத்துப் பேசவில்லை.

மலர் என் அக்கா வீட்டில் வளர்ந்தாள். பின்னால் கிள்ளான் மாப்பிள்ளை கிடைத்துப் பிறந்த ஊருக்கே திரும்பினாள், விமானத்தில். இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஒரு நல்ல கப்பலில் அவளை என் பக்கத்திலேயே உட்கார வைத்துக் கூட்டிப் போய்விட்டால் அந்தக் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தேன். முட்டாள்தனம்தான். அந்த முட்டாள்தனத்துடனே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு இப்போது மின்சார ரயில். கதவு தானாகத் திறக்கிறது, தானாக மூடுகிறது. குளிர் எலும்புவரை போகிறது. திருச்சியில் நாம் ரயிலில் ஏறியதும் ஜன்னலைத் திறப்போம்; இங்கே ஜன்னலுக்குத் திறக்கிற வசதியே வைக்கவில்லை. எதிரே இரண்டு பெண்கள் ஒரு கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். "பொண்ணு நல்லாத்தான்டி இருக்கு. மேக்கப்தான் தனியா நடந்து வந்துச்சு" என்றாள் ஒருத்தி. நான் சிரித்துவிட்டேன். "அங்கிள், ஒட்டுக் கேக்கறீங்களா?" என்று அதட்டினாள். ஆமாம் என்றேன். பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை மீதிக் கல்யாணத்தையும் எனக்காகச் சத்தமாகச் சொன்னாள்.

பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு. திருச்சி ஹோட்டலில் ரசம் முடிந்ததும் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் வந்து நின்றுவிடுவார். இங்கே நான் கையை எடுத்தால் பரிமாறுகிறவருக்குக் கோபம் வருகிறது. "என்ன அங்கிள், சோறு புடிக்கலையா? பாவக்கா பொரியல் இன்னும் போடவா?" போடச் சொன்னேன். பாகற்காயை அப்பளம் மாதிரி மொறுமொறுப்பாகப் பொரிக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் திருச்சி தோற்றது.

முதல் கப்பல் கம்பெனியின் ஏஜென்ட் அலுவலகம் அந்தக் கடைக்கு மேல் மாடியிலேயே இருந்தது. பரிமளா என்று ஒரு பெண், இருபத்தைந்து வயதிருக்கும். வழவழப்பான புத்தகத்தைப் பிரித்து வைத்தாள். ஐந்து பேருக்கு ஒட்டினாற்போல் இரண்டு அறை, நடுவில் கதவு. சைவச் சாப்பாடு முன்கூட்டியே சொன்னால் உண்டு. எழுதிக்கொண்டேன்.

"இதுதான் அங்கிள் எங்க ஸ்பெஷல்" என்று ஒரு பக்கத்தைத் தட்டிக் காட்டினாள். வண்ண பலூன்கள், பந்துகள், நடுவில் ஒரு கூட்டம் பிள்ளைகள். "பிள்ளைங்கள இங்க விட்டுட்டு பெரியவங்க ஜாலியா சுத்தலாம். கையில பட்டை கட்டி ரூம் நம்பர் எழுதிடுவோம். தொலைஞ்சே போகாது."

"பிள்ளை பெத்தவங்களத் தேடினா?"

"தேடாது லா அங்கிள். அவ்வளவு விளையாட்டு சாமான் இருக்கு. அப்பா அம்மா ஞாபகமே வராது."

நோட்டில் "பிள்ளைகள் அறை" என்று எழுதி, அதன் மேலேயே இரண்டு கோடு போட்டேன். பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. பரிமளா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள்.

மறுநாள் இரண்டாவது கம்பெனி. கோலாலம்பூர் நடுவில் உயரமான கட்டடம், லிப்டில் ஏறும்போதே காது அடைத்தது. அங்கே ஒரு சீன இளைஞன், கழுத்து டையும் சிரிப்பும் ஒரே அளவில். ஆங்கிலத்தில்தான் பேசினோம். கப்பல் மிகப் பெரியது, புதியது, ஆறு சாப்பாட்டுக் கூடம். பிள்ளைகளை எங்கேயும் விட வேண்டிய கட்டாயமில்லை, கூடவே வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் ஓர் அறைக்கு நான்கு படுக்கைதான்.

"ஐந்தாவது ஆளுக்கு?"

"உங்களுக்குத் தனி அறை தருகிறோம் ஐயா. இரண்டு தளம் கீழே. அமைதியாக இருக்கும்."

"எனக்கு அமைதி வேண்டாம். அது என் வீட்டிலேயே நிறைய இருக்கிறது."

"எல்லாத் தாத்தாக்களும் கீழ்த்தளத்தைத்தான் கேட்கிறார்கள்."

"என் மகள் இருக்கிற தளத்தில்தான் நான் இருப்பேன். இதைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் போடுங்கள்."

எழுதிப் போடுவதாகத் தலையாட்டினான். போட மாட்டான். அந்தக் கோபத்தில் ஸ்டேஷனுக்கு வந்து முதலில் வந்த ரயிலில் ஏறினேன். குளிரும் அதேதான், கதவும் அதேதான். கிள்ளான் வர வேண்டிய நேரத்தில் செர்டாங் என்று பலகை வந்தது. சிரம்பான் பக்கம் போகிற வண்டி. இறங்கி, பஸ் என்று நினைத்து ஒரு தொழிற்சாலை வேனைக் கைகாட்டி நிறுத்தி, அந்த டிரைவர் பாவப்பட்டு என்னை ஸ்ரீ கெம்பாங்கான் சந்தை வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

சுற்றிலும் சீனக் கடைகள். ஒரு கிழவி தள்ளுவண்டியில் சோயாப் பால் விற்றுக்கொண்டிருந்தாள். என் வயதுதான். என் மலாய் துருப்பிடித்துப் போயிருந்தது, அவளுடையதும் அப்படியே. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

"இந்த வெயிலில் தனியாக அலைகிறாயே. பிள்ளைகள் உன்னைப் பார்த்துக்கொள்வதில்லையா?"

"பார்த்துக்கொள்கிறார்கள். நான்தான் என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவில்லை. ஒன்பது வயதில் கப்பலில் ஏற்றிவிட்டு ஓடிவிட்டேன்."

இருபத்து நான்கு வருஷத்தில் முதல் தடவையாக அதை வாயால் சொன்னேன். ஸ்ரீ கெம்பாங்கானில், பெயர் தெரியாத ஒரு சீனப் பெண்மணியிடம், அரைகுறை மலாயில்.

அவள் என் காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். "இதை என்னிடம் ஏன் சொல்கிறாய்? எனக்குப் பால் விற்கத்தான் தெரியும்" என்று சொல்லி, இன்னொரு டம்ளர் ஊற்றி வைத்தாள். அதைவிடச் சரியான பதிலை நான் கேட்டதில்லை.

மூன்றாவது ஏஜென்ட் கிள்ளானிலேயே இருந்தார். துரை அண்ணன் என்று எல்லோரும் கூப்பிடுகிற அவருக்கு அறுபது வயது. சென்னைக்கு விமான டிக்கெட் போடுவதுதான் முக்கியத் தொழில். உல்லாசக் கப்பல் புதிதாகச் சேர்ந்தது. அவர் காட்டிய கப்பல் சின்னது, கொஞ்சம் பழையது. காலையில் இட்லி உண்டு. ஓர் அறையில் நான்கு படுக்கை, ஐந்தாவது கூரையிலிருந்து இழுத்துப் போடுவது.

"அதுல யாரு சார் படுப்பா?"

"நான்."

"விழுந்துடப் போறீங்க!"

"விழுந்தா விழறேன். அஞ்சு பேரும் ஒரே அறை. இதுதான் வேணும்."

அவர் சிரித்தார். "அந்தக் காலத்து ஊர்க் கப்பல்ல போயிருக்கீங்களா சார்?"

"ஏறியிருக்கேன். போனதில்ல."

அவருக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கப்பல் துறைமுகத்துக்கு வருகிறது, குடும்பத்தோடு உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கலாம், சீட்டு தருகிறேன் என்றார். ஐந்து சீட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் என் நோட்டைப் பிள்ளைகள் பிடுங்கிக்கொண்டார்கள். பிறகு மலர் வாங்கிப் பார்த்தாள். பக்கம் பக்கமாக நிதானமாகப் படித்தாள். கிழிந்த இடத்தில் விரல் நின்றது. "பிள்ளைகள் அறைன்னு எழுதி அடிச்சிருக்கீங்க. ஏம்ப்பா?"

"சரியா வராது."

"ம்" என்றாள். நோட்டை மூடிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று அவள் சொன்னபோது சேகருக்கே ஆச்சரியம்.

அன்று துறைமுகத்தில் நல்ல வெயில். கப்பல் படத்தில் இருந்ததைவிடப் பெரிதாக, வெள்ளையாக நின்றது. படிக்கட்டுக்கு முன்னால் வரிசை. தினேஷும் ஷாலினியும் முதல் படியில் ஏறிவிட்டார்கள். மலர் கைப்பிடியைப் பிடித்தாள், நின்றாள். பின்னால் ஆட்கள் சேர்ந்தார்கள்.

"என்ன மலர், சும்மா பார்க்கத்தானே போறோம்? கட்டியிருக்கிற கப்பல் லா, எங்கயும் ஓடாது!" என்றார் சேகர். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். தினேஷ் மேலிருந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான். "பயந்தாங்கொள்ளி அம்மா! வாம்மா!"

மலரின் கை கைப்பிடியில் வெளுத்துப்போய் இருந்தது.

"அவள விடுங்க" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "அவ பயந்தாங்கொள்ளி இல்ல. தண்ணி பயமும் இல்ல. ஒன்பது வயசுல இவள ஒரு கப்பல்ல ஏத்தி, நானும் வர்றேன்னு பொய் சொல்லிட்டு, நான் இறங்கி ஓடிட்டேன். ரெண்டு நாள் என்னத் தேடியிருக்கா. அனுப்புனது இவ சின்னம்மா இல்ல, நான்."

சேகர் என் பக்கம் திரும்பினார். "மாமா... சின்னத்தைதான்னு எங்கம்மாகூட..."

"எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க. நான் நினைக்க விட்டேன்."

மலர் படியைவிட்டு இறங்கி ஓரமாக வந்தாள். அவள் அழவில்லை. "அப்பா, நீங்க இறங்கினத நான் பார்த்தேன்" என்றாள்.

"பார்த்தியா?"

"கம்பிகிட்ட நின்னு பார்த்தேன். நீங்க திரும்பவே இல்ல."

"அப்புறம் எதுக்குத் தேடின?"

"வேற படியில ஏறியிருப்பீங்கன்னு நினைச்சேன்."

எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. உட்காரவில்லை. அவள் நிற்கும்போது நான் உட்காரக் கூடாது.

"சின்னம்மா இல்லன்னு எனக்கு எப்பவும் தெரியும்" என்றாள் மலர். "அவங்க இருக்கறப்ப இத நீங்க சொல்லியிருக்கணும். நாலு பேர் முன்னால, இப்படி."

சொல்லியிருக்கணும்தான்.

பிள்ளைகள் இறங்கி வந்து இரண்டு பக்கமும் அவளை ஒட்டி நின்றார்கள். மலர் கப்பலை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, சமையலுக்கு என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிற குரலில் பேசினாள். "நாம போவோம். இதுல வேணாம். அந்த உசரமான பில்டிங்ல விசாரிச்சீங்களே, அந்தக் கப்பல். நாலு படுக்கை. நாங்க நாலு பேரு. பிள்ளைங்கள எங்கயும் விட மாட்டேன், என்கூடவே இருப்பாங்க. நீங்க வர வேணாம்பா."

"தாத்தா பாவம்மா" என்றாள் ஷாலினி.

"பாவமெல்லாம் இல்ல" என்றேன் நான். "அம்மா சொல்றதுதான்."

அன்று சாயங்காலமே செய்தி சுங்கை பூலோவில் இருக்கும் சேகரின் அக்கா வரைக்கும் போய்விட்டது. தொலைபேசியில் வந்தார். "என்ன மாமா இது, பெத்தவரக் கரையில விட்டுட்டு உல்லாசமா? இப்படியா ஒரு பொண்ணு வளர்ந்திருக்கும்?"

"அவ வளர்ந்ததுல எனக்குப் பங்கில்லம்மா. அத உங்ககிட்ட விவரமா சொல்லணும், இருங்க" என்று ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னேன். நடுவில் அவர் இரண்டு முறை வைக்கப் பார்த்தார். விடவில்லை. அதற்குப் பிறகு யார் பேசினாலும், யார் வீட்டுக்கு வந்தாலும் அதையேதான் செய்தேன். கோயிலில் ஒரு பழைய அலுவலக நண்பர், "பழசையெல்லாம் ஏன் கிளறணும், எல்லாம் அந்தப் பொண்ணு படிப்புக்குத்தானே செஞ்சீங்க" என்று என் தோளைத் தட்டினார். கையை எடுக்கச் சொன்னேன். படிப்புக்கு இல்லை, கமலாவும் காரணமில்லை, நான்தான் என்று பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். அவர் அடுத்த வாரம் என்னைக் கண்டு வேறு வாசல் வழியாகப் போனார். போகட்டும்.

சேகர் மட்டும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. "வயசானவரு மலர். கீழ்த்தளத்துல ஒரு ரூம் போட்டா போச்சு." மலர் பதில் சொல்லும் முன் நான் சொன்னேன்: "மாப்ள, எனக்கு ரூம் போட்டா நான் திருச்சிக்குப் போயிடுவேன்." அதோடு பேச்சு முடிந்தது. மலர் அன்று எனக்கு இரண்டாவது தோசை வைத்தாள். அதற்கு எந்த அர்த்தமும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. தோசை நன்றாக இருந்தது.

புறப்பட்ட நாள் மத்தியானம் துறைமுகத்தில் நல்ல கூட்டம். வீட்டிலேயே இருங்கள் என்று சொன்னார்கள், நான் போனேன். மலர் ஒரு கையில் தினேஷையும் ஒரு கையில் ஷாலினியையும் பிடித்திருந்தாள். பெட்டிகளை எல்லாம் சேகர்தான் தூக்கினார். படிக்கட்டில் அவள் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு ஏறினாள். நிதானமாக, ஒவ்வொரு படியாக, பிள்ளைகளின் கையை விடாமல்.

மேலே கம்பி ஓரமாக நான்கு தலைகள் வந்தன. பிள்ளைகள் கை ஆட்டினார்கள். சேகரும் ஆட்டினார். மலர் ஆட்டவில்லை. ஆனால் நான் நின்ற இடத்தைவிட்டு அவள் கண் நகரவில்லை. கயிற்றை அவிழ்த்தார்கள், தண்ணீர் கலங்கியது, கப்பல் ஒரு சாண், ஒரு முழம் என்று கரையைவிட்டு விலகியது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூட்டத்துக்குப் பின்னால் மறைந்துவிடாமல், எல்லோருக்கும் முன்னால் வந்து, வெயிலில், அவளுக்குத் தெரிகிற மாதிரி நின்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். கப்பல் வளைந்து திரும்பி, கரைச் சேற்றில் வளர்ந்த கண்டல் காட்டுக்குப் பின்னால் போயிற்று. வெள்ளைப் புகைபோக்கி கொஞ்ச நேரம் மரங்களுக்கு மேலே தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

ஒரு மலாய்க் காவலாளி வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "பெரியவரே, கப்பல் போய்விட்டது. கேட்டைப் பூட்ட வேண்டும். நீங்களும் போகலாம்."

"கப்பல் போகட்டும்" என்றேன் மலாயில். "நான் இன்னும் போகவில்லை."